பழைய பாட்டுக் கச்சேரிக்காரர்கள்: பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

பாபநாசம் பக்கத்திலிருந்து

என் மாமா மைக் செட் வைத்திருந்தார். கல்லூரி லீவு நாட்களில் ஒயர் சுருட்டுவதும் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றுவதும் என் வேலை. வலங்கைமான், நீடாமங்கலம் வட்டாரத்தில் மாரியம்மன் கோயில் திருவிழா என்றால் எங்களோடு வருவது பெரும்பாலும் ஒரே குழுதான். எம்.எஸ்.வி. காலத்துப் பாட்டு, கொஞ்சம் இளையராஜா. அதற்கு மேல் கேட்டால் முகம் சுளிப்பார்கள்.

மேடையில் கோட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக நிற்பவர்கள் பகலில் யார் என்று எனக்குத் தெரியும். பாடுகிற அண்ணன் கூட்டுறவு சங்கத்தில் உர மூட்டைக்கு ரசீது போடுகிறவர். கீபோர்டு அண்ணன் பள்ளிக்கூட வாத்தியார். தபலாக்காரருக்கு டீக்கடை. புல்லாங்குழல் பெரியவர் மேளக்காரர் குடும்பம். நாதஸ்வரம் கடைகிற நரசிங்கம்பேட்டையில் உறவுக்காரர்கள் உண்டு. வீட்டில் எல்லோரும் நாதஸ்வரம் பிடிக்க, இவர் மட்டும் சினிமாப் பாட்டுக்குக் குழலைத் தூக்கிக்கொண்டு போனதில் அவருடைய அப்பா கடைசிவரை முகம் கொடுத்துப் பேசவில்லையாம்.

முதல் பாட்டு எப்போதும் சீர்காழி கோவிந்தராஜன் பாடிய பிள்ளையார் பாட்டு. அவர் 1988-லேயே போய்விட்டார், ஆனால் நான் கேபிள் இழுத்த மேடை ஒன்றுகூட அவரைத் தொடாமல் ஆரம்பித்ததில்லை. எங்கள் அண்ணன் அதை ஐந்து கட்டையில் எடுப்பார். கட்டை என்பது சுதியின் அளவு, எண் ஏற ஏறச் சுதியும் ஏறும். ஐம்பத்தைந்து வயதிலும் அதே ஐந்து என்று டீக்கடையில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "சுதியை இறக்கிப் பாடுறவன்லாம் பாட்டுக்காரனாப்பா?"

ஒருநாள் கீபோர்டுக்குப் பின்னால் உட்கார்ந்து பிளக் மாட்டிக்கொண்டிருந்தேன். வாத்தியார் அண்ணன் ஒரு பொத்தானை மெல்ல அழுத்தினார். சின்னத் திரையில் 'மைனஸ் 1'. என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். விரல்கள் கீபோர்டில் பழைய இடங்களிலேயே ஓடும், சத்தம் மட்டும் அரைக் கட்டை கீழே வரும். அண்ணனுக்குத் தெரியாமல் நாலு வருஷமாக நடக்கிற வேலையாம் இது. தபலாக்காரர் சுத்தியலால் தட்டித் தட்டித் தன் தபலாவை இறக்கி வைத்திருப்பார். பேஸ் கிடாரில் கம்பியை முன்கூட்டியே தளர்த்திவிடுவார்கள். கஷ்டமெல்லாம் லீட் கிடார் சாருக்குத்தான். "அவனுக்கு ஒரு பொத்தான், எனக்குப் பத்து விரல்" என்று முணுமுணுப்பார்.

ஆனால் குழலில் ஏது பொத்தான்? ஒவ்வொரு சுதிக்கும் தனிக் குழல் வேண்டும். பெரியவரின் துணிப்பையில் பத்துப் பன்னிரண்டு இருக்கும், ஒவ்வொன்றிலும் கட்டை எண்ணை பேனாவால் எழுதி வைத்திருப்பார். சுதி இறங்க இறங்கக் குழல் நீளும். பாட்டு ஆரம்பிக்கும் முன் அண்ணன் மைக்கைத் தட்டிவிட்டு இடது பக்கம் ஒரு பார்வை பார்ப்பார். பெரியவரிடம் ஏதோ கண்ஜாடை என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் பார்த்தது பெரியவரை இல்லை, பையிலிருந்து எந்தக் குழல் வெளியே வருகிறது என்பதை. பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பாடத் தொடங்குவார். மறுநாள் டீக்கடையில் அதே ஐந்து கட்டைதான்.

திருவையாறிலிருந்து

நீங்கள் சொல்கிற கிடார் சாரை எனக்கும் தெரியும் என்று நினைக்கிறேன். பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்தானே? அங்கே ஆங்கிலோ-இந்தியர் காலனியில் பழகி, சின்ன வயதிலேயே இங்கிலீஷ் பாட்டு பிடித்துக்கொண்டவர். எங்கள் அப்பா பந்தல் காண்டிராக்டர். சாயங்காலம் நாற்காலி போட்டுக்கொண்டிருப்போம், சார் மட்டும் சீக்கிரமே வந்து ஆம்ப்ளிஃபையரைப் போடுவார். சவுண்ட் செக் என்று பெயர். அந்தப் பத்து நிமிடத்தில்தான் அவர் தனக்காக வாசிப்பார். பீட்டில்ஸ் வரும், ஷேடோஸ் வரும். கேட்க நாங்கள் நாலு பேரும் காலி நாற்காலிகளும், பந்தலுக்கு அடியில் படுத்திருக்கும் ஒரு நாயும்.

எனக்குப் பிடித்தது டீப் பர்ப்பிள் குழுவின் ஒரு பாட்டு. கிடார் கற்றுக்கொள்கிறவன் எவனும் முதலில் தடவிப் பார்க்கும் துண்டு அது. "இது எந்தப் படம் சார்?" என்று கேட்டேன். சிரித்துவிட்டுக் கதை சொன்னார். 1971 டிசம்பரில் சுவிட்சர்லாந்தில் மோன்ட்ரோ என்ற ஏரிக்கரை ஊரில் வேறொரு குழுவின் கச்சேரி நடக்கும்போது, பார்க்க வந்த எவனோ தீப்பொறித் துப்பாக்கியைக் கூரையைப் பார்த்துச் சுட்டிருக்கிறான். மண்டபம் முழுக்க எரிந்துபோனது. ஆல்பம் பதிவு செய்ய அதே ஊருக்கு வந்திருந்த டீப் பர்ப்பிள்காரர்கள், ஏரி மேல் புகை படர்வதைப் பார்த்துவிட்டு எழுதிய பாட்டாம்.

மேலே ஏணியில் கீற்று வேய்ந்துகொண்டிருந்த அப்பா இறங்கி வந்தார். "சார், நீங்க என்ன வேணா வாசிங்க. இந்தக் கதை மட்டும் பந்தலுக்குள்ள வேண்டாம்." கும்பகோணத்தில் 2004-ல் நடந்ததற்குப் பிறகு எங்கள் அப்பா முன்னால் கீற்றையும் தீயையும் ஒரே வாக்கியத்தில் யாரும் சொல்லிவிட முடியாது. சார் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சுக்குங்க" என்றார். அதன் பிறகு அந்தத் துண்டை எத்தனையோ பந்தலில் வாசித்தார், கதையை மட்டும் யாருக்கும் சொன்னதில்லை.

மயிலாடுதுறையிலிருந்து

நான் வேறொரு குழுவில் ஆறு வருடம் பாடினேன். பெண் குரல் எண்பது சதம் சுசீலா அம்மா பாட்டு, மீதி எல்.ஆர். ஈஸ்வரி. ஈஸ்வரி பாட்டுக்குத்தான் விசில் வரும், சீட்டும் அதற்குத்தான் வரும். துண்டுச் சீட்டில் பாட்டைக் கிறுக்கி, ஐம்பது ரூபாயைக் குத்தி மேடைக்கு அனுப்புவார்கள். நாகூர் ஹனீபா பாட்டுக்குச் சீட்டு வராத அம்மன் கோயில் கச்சேரி எனக்கு நினைவில்லை. அதைப் பாடும்போது மட்டும் எங்கள் டிரம்ஸ் தம்பி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வான். ஏன் என்று கேட்டதில்லை.

வேனில் போகும்போது என் அம்மாவும் கூட வருவார். வெற்றிலைப் பையும் ஒரு தலையணையுமாகக் கடைசி சீட்டில். குழுவில் எல்லோருக்கும் அவர் அம்மாதான். நடுராத்திரியில் ஏதோ ஊர் டீக்கடையில் நிறுத்தினால், யார் குடித்திருக்கிறார்கள் என்று மூக்காலேயே கண்டுபிடித்து, அவனை டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார விடமாட்டார்.

ஒன்று சொல்ல வேண்டும். நான் சேர்ந்த புதிதில் கச்சேரி ராத்திரி பத்துக்கு ஆரம்பித்து விடியும்வரை போகும். பன்னிரண்டு வரை குத்துப்பாட்டு, இளவட்டங்களுக்கு. இரண்டு மணிக்குப் பிள்ளைகள் கோரைப்பாயில் தூங்கியபின்தான் உட்கார்ந்து கேட்கிறவர்கள் மிஞ்சுவார்கள். களத்தில் நெல்லுக்குக் காவல் இருப்பவர்கள், தூக்கம் வராத கிழவிகள். அவர்களுக்காகத்தான் அந்த மெதுவான பழைய பாட்டுகள். ஒலி மாசு விதி 2000-லேயே வந்தது, இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்று. எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்கு அது கொஞ்சம் நிதானமாகத்தான் வந்து சேர்ந்தது. இப்போது ஏழுக்கு ஆரம்பித்துப் பத்துக்கு முடிக்கிறார்கள், கான்ஸ்டபிள் மேடைக்குப் பக்கத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்கிறார். ஆஸ்பத்திரி, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை என்று பார்த்தால் விதி நியாயம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த மூன்று மணி நேரத்தில் இரண்டு மணிப் பாட்டுக்கு எங்கே இடம்?

முத்துப்பேட்டையிலிருந்து

சின்னதாக ஒன்று. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து, எங்கள் தோப்பில் ஒரு தென்னை மிச்சமில்லை. பல நாள் கரண்டும் இல்லை. ஒரு ராத்திரி அரிசியும் மெழுகுவர்த்தியும் ஏற்றிக்கொண்டு ஒரு மினி லாரி வந்தது. இருட்டில் யாரோ, "அம்மா, குடும்பத்துக்கு ஒரு பை, வரிசையா வாங்க" என்றார். என் பெரியம்மா பையை வாங்காமல் நின்றுவிட்டார். "நீ போன ஆடிக்கு எங்க ஊர்ல பாடினியே, அந்தத் தம்பிதானே?" முகத்தை யாருமே பார்க்கவில்லை. அவர்தான். அன்றைக்கு அவரைப் பாடச் சொல்லி யாரும் கேட்கவில்லை, அவரும் பாடவில்லை. பெரியம்மாவுக்கு மட்டும் இரண்டு மெழுகுவர்த்தி கூடக் கொடுத்தார்.

மறுபடியும் பாபநாசம் பக்கத்திலிருந்து

அண்ணன் இன்னும் பாடுகிறாரா என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டிருந்தார்கள். பாடுகிறார். போன ஆடியில் எங்கள் தெருக் கோயிலுக்கே வந்தார்கள். மாமா இப்போது இல்லை, மைக் செட்டும் கைமாறிவிட்டது. நான் சும்மா பார்க்கப் போய், பழக்க தோஷத்தில் மேடைக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

குழல் பெரியவர் வரவில்லை, முழங்கால் வலியாம். குழல் சத்தத்தையும் கீபோர்டிலேயே வாசித்துவிடலாம் என்று முடிவு. அண்ணன் மைக்கைத் தட்டினார். வழக்கம்போல இடது பக்கம் திரும்பினார். அங்கே ஒரு பெட்டியும் தண்ணீர் பாட்டிலும்தான் இருந்தன. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு கீபோர்டு பக்கம் குனிந்தார்.

"எவ்வளவு போட்டிருக்கே?"

வாத்தியார் அண்ணன் தலையை நிமிர்த்தவே இல்லை. "மூணுண்ணே."

"இன்னொண்ணு இறக்கு."

பொத்தானை அழுத்தும் சத்தம் எனக்குக் கேட்டது. கிடார் சார், "அய்யோ" என்று சொல்லிவிட்டுக் கையைக் கீழே நகர்த்தினார். தபலாக்காரர் சுத்தியலைத் தேடினார்.