பில்ட்ரூட்டுக்கு பேட்ச் அனுப்பி ஏழு வாரம் ஆச்சு, ஒரு பதிலும் இல்ல. என்ன பண்ணலாம்?

சோல்டர்_சுப்பு:

வணக்கம் மக்களே. சின்ன கம்பெனில எம்பெட்டட் லினக்ஸ் பாக்குறேன், ஆர்ம் போர்டு, ரூட் ஃபைல்சிஸ்டம் எல்லாம் பில்ட்ரூட்லதான் (போர்டுக்கு வேண்டிய லினக்ஸ மொத்தமா கட்டித் தர்ற டூல்). மீட்டர்ல இருந்து டேட்டா எடுக்க ஒரு சி++ லைப்ரரி யூஸ் பண்றோம், ஓபன் சோர்ஸ்தான், ஆனா பில்ட்ரூட்ல அதுக்கு பேக்கேஜ் கிடையாது. அதனால பிஆர்2_எக்ஸ்டர்னல்ல, அதாவது பில்ட்ரூட்டுக்கு வெளிய எங்க சொந்த ஃபோல்டர்ல, தனியா போட்டு ரெண்டு வருஷமா ஓட்டிட்டு இருந்தேன், ஒவ்வொரு தடவ ரிலீஸ் மாத்தும்போதும் அதுதான் முதல்ல உடையும், சரி இத மெயின் ட்ரீக்கே அனுப்பிட்டா அப்புறம் அவங்களே பாத்துப்பாங்கன்னு நெனச்சு மே மாசம் முதல் வாரம் அவங்க மெயிலிங் லிஸ்ட்டுக்கு பேட்ச் (கோட் மாற்றம்) அனுப்புனேன்.

அனுப்புறதே ஒரு கூத்து. முதல்ல ஆபீஸ் மெயில்லயே அனுப்பிட்டேன், அந்த சர்வர் டேப் எல்லாத்தையும் ஸ்பேஸா மாத்தி, அடியில "இந்த மெயில் ரகசியமானது, தவறி வந்திருந்தா அழிச்சிடவும்"னு நாலு வரி ஒட்டி விட்டுடுச்சு. பொது லிஸ்ட்டுக்கு போன பேட்ச்ல! அப்புறம் சொந்த ஜிமெயில்ல ஆப் பாஸ்வேர்டு எடுத்து கிட் சென்ட்-ஈமெயில் செட் பண்ணி திருப்பி அனுப்புனேன், அது ஒழுங்கா போயிடுச்சு. பேட்ச்வொர்க்ல (லிஸ்ட்டுக்கு வந்த பேட்ச் எல்லாம் வரிசையா நிக்குற சைட்) பாத்தா இன்னிக்கும் "நியூ"ன்னே நிக்குது. திட்டக்கூட ஒரு ஆள் இல்ல.

என் லேப்டாப்ல பக்காவா பில்ட் ஆகுது, போர்டுலயும் ஓடுது. திரும்பவும் கேட்டு மெயில் போடலாமா, போட்டா கடுப்பாவாங்களா? இல்ல பேசாம யோக்டோ (இதே மாதிரி இன்னொரு பில்ட் சிஸ்டம்) பக்கம் போயிடலாமா?

---

பழைய_மேக்ஃபைல்:

தம்பி, முதல்ல அந்த "அவங்களே பாத்துப்பாங்க"வ எடுத்து வெளிய போடு. அவங்கன்னா யாரு? பேட்ச்லயே டெவலப்பர்ஸ் ஃபைல்ல உன் பேரு, ஈமெயில், உன் பேக்கேஜோட பாத் மூணும் போடணும், போட்டியா? அதுல பேரு இருந்தா ஆட்டோபில்டர்ல உன் பேக்கேஜ் உடையுறப்ப மெயில் உனக்குத்தான் வரும். யாரோ எங்கயோ தானமா குடுத்த மெஷின்ல ராத்திரி பகலா கண்டபடி கான்ஃபிக் போட்டு பில்ட் ஓடிட்டே இருக்கும், நீ கனவுலயும் நெனக்காத ஆர்கிடெக்சர்ல உன் லைப்ரரி உடைஞ்சு நிக்கும். 2,500-க்கு மேல பேக்கேஜ் இருக்கு, கோர்ல இருக்குறவங்க விரல் விட்டு எண்ற அளவுதான். ஒரு பேட்ச சேக்கலாமான்னு பாக்குறப்பவே நாளைக்கு இத யாரு பாத்துக்குவாங்கன்னும் யோசிப்பாங்க.

அப்புறம் நீ அனுப்புன நேரம். 2009-ல பீட்டர் கோர்ஸ்கார்ட் மெயின்டெய்னரா வந்ததுல இருந்து வருஷத்துக்கு நாலு ரிலீஸ், .02 .05 .08 .11 (மாசத்தோட நம்பர்). ரெண்டு மாசம் புதுசு எல்லாம் சேப்பாங்க, மூணாவது மாசம் ஆர்சி (ரிலீஸுக்கு முந்தின சோதனை வெர்ஷன்), அப்ப பக் ஃபிக்ஸ்தான் முக்கியம், புது பேக்கேஜ் எல்லாம் "நெக்ஸ்ட்" பிராஞ்சுக்குத்தான். நீ சரியா .05 ஆர்சி நேரத்துல போய் கதவ தட்டியிருக்க. கல்யாண வீட்ல பந்தி நடக்குறப்ப போய் சமையல்காரர்கிட்ட அடுத்த மாச விசேஷத்துக்கு மெனு கேட்ட மாதிரி.

லேப்டாப்ல பில்ட் ஆகுதுங்கறது ஒரு கணக்கே இல்ல. உன்கிட்ட இருக்குறது ஒரே டூல்செயின் (கம்பைலரும் சி லைப்ரரியும் சேந்த செட்), அதுவும் ஜிலிப்சியாத்தான் இருக்கும். யூட்டில்ஸ் ஃபோல்டர்ல டெஸ்ட்-பிகேஜின்னு ஒரு ஸ்கிரிப்ட் இருக்கு, பேக்கேஜ் பேரையும் ஒரு சின்ன கான்ஃபிக் துண்டையும் குடுத்தா வேற வேற டூல்செயின்ல பில்ட் பண்ணி பாக்கும். மஸல், யூசிலிப்சின்னு ஜிலிப்சிக்கு பதிலா வர்ற சி லைப்ரரிங்க, த்ரெட் இல்லாதது, சி++ இல்லாதது எல்லாம் வரும். டிபெண்ட்ஸ் (உன் பேக்கேஜுக்கு என்னென்ன வேணும்ங்கற வரி) ஒழுங்கா எழுதியிருந்தா சி++ இல்லாத டூல்செயின்ல "ஸ்கிப்டு"ன்னு வரணும், "ஃபெயில்டு"ன்னு வந்தா கான்ஃபிக்.இன்ல எதையோ விட்டுட்டேன்னு அர்த்தம்.

இங்கதான் எல்லாரும் வழுக்கி விழுவாங்க: வேற ஒரு லைப்ரரிய "செலக்ட்" பண்ணா கேகான்ஃபிக் (இந்த கான்ஃபிக் வரிகள படிக்கிற சிஸ்டம்) கண்ண மூடிட்டு அத ஆன் பண்ணிடும், அந்த லைப்ரரிக்கு என்னென்ன வேணும்னு பாக்கவே பாக்காது. அதனால அதோட டிபெண்ட்ஸ் வரி எல்லாத்தையும் நீயே உன் பேக்கேஜ்ல திருப்பி எழுதணும், கூடவே "இதுக்கு சி++ இருக்குற டூல்செயின் வேணும்"னு ஒரு கமென்ட் வரியும். இல்லன்னா மெனுகான்ஃபிக்ல (பேக்கேஜ் தேர்ந்தெடுக்குற மெனு) தேடுறவனுக்கு உன் பேக்கேஜ் ஏன் காணோம்னே தெரியாது, என்ன மாதிரி அரை நாள் தேடிட்டு இருப்பான்.

செக்-பேக்கேஜையும் (பேக்கேஜ் ஃபைல்கள சரிபாக்குற ஸ்கிரிப்ட்) ஓட்டிட்டு ரிசல்ட்ட இங்க போடு, பாப்போம்.

---

பிட்பேக்_பாண்டி:

யோக்டோவுக்கு வாங்க வாங்க, இடம் இருக்கு 😄 ஆனா ப்ரோ, அங்கயும் ரெசிபிய (பேக்கேஜ் எப்படி கட்டணும்ங்கற ஃபைல்) ஓபன்எம்பெட்டட் மெயிலிங் லிஸ்ட்டுக்குத்தான் அனுப்பணும், அந்த ஆபீஸ் மெயில் டிஸ்க்ளெய்மர் அங்கயும் கூடவே வரும். கிட்ஹப்ல புல் ரிக்வெஸ்ட்டா போடணும்னா ஓபன்டபிள்யூஆர்டி, அது ரவுட்டருக்கானது. ஆனா உங்க மீட்டர் பாக்ஸ ரவுட்டரா மாத்துவீங்களா என்ன. இதுக்காக எல்லாம் பில்ட் சிஸ்டம் மாத்தாதீங்க, நான் ஒரு தடவ மாத்துனேன், டிஸ்க் 100 ஜிபி போச்சு, பொங்கல் லீவும் போச்சு.

---

கெர்னல்_கனி:

மேக்ஃபைல் அண்ணா சொன்னது எல்லாம் சரி, நான் இன்னொண்ணு சொல்றேன். உங்க பேட்ச் யாராவது பாக்கணும்னா நீங்க மத்தவங்க பேட்ச பாருங்க.

எனக்கும் இதே கததான், மூணு மாசம் கிடந்துச்சு. நான் என்ன பண்ணேன்னா பேட்ச்வொர்க்ல என்கிட்ட இருக்குற போர்டுக்கே ஒருத்தர் டிஃப்கான்ஃபிக் (போர்டுக்கான ரெடிமேட் கான்ஃபிக்) போட்டிருந்தாரு, அத டவுன்லோட் பண்ணி அப்ளை பண்ணி, எஸ்டி கார்டுல எழுதி, பூட் ஆகுற வரைக்கும் பாத்துட்டு, எந்த கமிட் மேல டெஸ்ட் பண்ணேன், சீரியல் கன்சோல்ல என்ன வந்துச்சு எல்லாம் எழுதி கடைசில "டெஸ்டட்-பை" வரி போட்டு பதில் அனுப்புனேன். எனக்கு முக்கால் மணி நேர வேல. அந்த போர்டு கையில இல்லாத மெயின்டெய்னரால என்ன பண்ணாலும் அது முடியாதுல்ல. சீக்கிரமே அத எடுத்துக்கிட்டாங்க. அந்த பேட்ச்காரரே வந்து என்னோடத ரிவ்யூ பண்ணாரு, மூணு தப்பு சொன்னாரு, மூணும் நெஜமாவே தப்பு. லைசென்ஸ்ல நான் வெறும் "எல்ஜிபிஎல்"னு போட்டிருந்தேன், சோர்ஸ் ஃபைலோட தலைப்ப படிச்சு "எல்ஜிபிஎல்-2.1+"னு வெர்ஷனோட எழுதணும். லைசென்ஸ் ஃபைலுக்கும் ஷா256 ஹாஷ் (ஃபைலோட கைரேகை மாதிரி) போடணும், நாளைக்கு அப்ஸ்ட்ரீம்ல (லைப்ரரிய எழுதுறவங்க) லைசென்ஸ மாத்துனாங்கன்னா வெர்ஷன் ஏத்துறப்பவே அது காட்டி குடுத்துடும்.

கேட்டு மெயில் போடலாம், கடுப்பாக மாட்டாங்க. ஆனா வெறும் "பிங்" அனுப்புறதவிட திருத்தி வி2 அனுப்பறதே நல்லது. என்னென்ன மாத்துனீங்கன்னு கமிட் மெசேஜ்ல எழுதாதீங்க, அந்த மூணு கோடு --- இருக்குல்ல, அதுக்கு கீழ எழுதுங்க, அப்பதான் கிட் ஹிஸ்டரில ஏறாது. பழையத பேட்ச்வொர்க்ல "சூப்பர்சீடட்"னு நீங்களே மாத்தி விட்டுடுங்க.

---

சோல்டர்_சுப்பு:

மூணு பேருக்கும் நன்றி. கொஞ்சம் வெக்கமாவும் இருக்கு.

செக்-பேக்கேஜ் ஓட்டுனேன், 11 வார்னிங். ஹெல்ப் டெக்ஸ்ட்ல டேப்புக்கு அப்புறம் ரெண்டு ஸ்பேஸ் விடணுமாம், ஹாஷ் ஃபைல்லயும் நடுவுல ரெண்டு ஸ்பேஸாம். இதெல்லாம் ஒரு தப்பாடான்னு தோணுச்சு, அப்புறம் 2,500 பேக்கேஜும் ஒரே மாதிரி இருந்தாத்தானே கண்ணு பழகும்னு விட்டுட்டேன். டெவலப்பர்ஸ் ஃபைல்ல பேரு போடவே இல்ல, அண்ணா கரெக்டா புடிச்சிட்டாரு.

டெஸ்ட்-பிகேஜிய நைட்டு ஓட விட்டுட்டு தூங்கிட்டேன். காலைல பாத்தா ஜிலிப்சி எல்லாம் ஓகே, சி++ இல்லாததுல ஸ்கிப்டு, மஸல்ல ஃபெயில்டு. லாக்ல எக்செக்இன்ஃபோ.ஹெச் காணோம்னு நிக்குது. லைப்ரரிக்காரங்க க்ராஷ் ஆனா பேக்ட்ரேஸ் (எந்தெந்த ஃபங்ஷன் வழியா வந்து விழுந்துச்சுங்கற பட்டியல்) பிரிண்ட் பண்ண அத எடுத்திருக்காங்க, எங்க ப்ராடக்ட்ல அது ஆன்கூட கிடையாது. மஸல் டூல்செயினே வேணாம்னு டிபெண்ட்ஸ்ல போட்டு முடிச்சிடலாமா?

---

பழைய_மேக்ஃபைல்:

போடலாம், ஆனா ரிவ்யூல கேப்பாங்க, பேக்ட்ரேஸுக்காக மொத்த லைப்ரரியவே மஸல்காரனுக்கு இல்லன்னு சொல்றியான்னு. மஸல்ல அந்த ஹெட்டர் கிடையாது, எல்லாருக்கும் வர்ற பிரச்சனதான். லைப்ரரி பில்ட் ஆகுறது சிமேக்லதானே? ஹெட்டர் இருக்கான்னு செக் பண்ணி, இல்லன்னா அந்த பிரிண்ட்ட விட்டுடுற மாதிரி ஒரு சின்ன பேட்ச் எழுது. அத முதல்ல லைப்ரரிக்காரங்களுக்கு அனுப்பு, அப்புறம் அதே பேட்ச பில்ட்ரூட் பேக்கேஜ் ஃபோல்டர்ல போட்டு "அப்ஸ்ட்ரீம்:"னு அந்த லிங்க குடு. அந்த வரி இல்லன்னா செக்-பேக்கேஜே திட்டும். அவங்க மெர்ஜ் பண்ணி அடுத்த வெர்ஷன் விட்டாங்கன்னா பேட்ச தூக்கிடலாம்.

---

சோல்டர்_சுப்பு:

அனுப்பிட்டேன், லைப்ரரிக்காரரு நாலு மணி நேரத்துலயே மெர்ஜ் பண்ணிட்டாரு! மஸல்லயும் இப்ப ஓகே. வி2 ராத்திரி அனுப்புறேன், ஜிமெயில்லதான். கனி சொன்ன மாதிரி பேட்ச்வொர்க்ல தேடுனதுல எங்க போர்டுக்கு ஒரு யூ-பூட் (பூட்லோடர்) வெர்ஷன் ஏத்துற பேட்ச் கிடக்கு, யாரும் தொடல. நாளைக்கு ஆபீஸ்ல போர்டு சும்மாதான் இருக்கும், எடுத்து பூட் பண்ணி பாக்குறேன்.