“இதுக்கு எங்கேயிருந்து காசு வருகுது?” உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

வெள்ளவத்தைக்காரி:

எங்கள் தொடர்மாடியில் 24 வீடுகள். போன வருடம் நிர்வாகக் கூட்டத்தில் நான் எழும்பி ஒரு விஷயம் கதைத்தேன். சமையல் கழிவை எல்லோரும் தனி வாளியில் போட்டால் படிக்கட்டடியில் நாற்றம் இருக்காது, குப்பை லொறிக்காரருக்கும் வேலை லேசு. அவ்வளவுதான் சொன்னேன். முன்னால் இருந்த நாலாம் மாடி அங்கிள் திரும்பிப் பார்த்தார். “பிள்ளை, இதுக்கு உமக்கு எந்த நாட்டிலயிருந்து காசு வருகுது?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் ஒரு கம்பனியில் கணக்கு எழுதுகிறேன். எந்த அமைப்பிலும் உறுப்பினர் இல்லை. அதைச் சொல்வதற்குள் அவர் அடுத்ததையும் சொல்லிவிட்டார். “வன்னியில சனம் செத்தபோது ஒருத்தரும் வரேல்லை. ஆமை செத்தவுடன எல்லாரும் கடற்கரையில நிக்கினம்.”

முதல் கேள்விக்கு எனக்குக் கோபம் வந்தது. இரண்டாவதுக்கு வாய் அடைத்துப்போனது. 2009இல் அவர் தன் தங்கையின் மகனை இழந்தவர் என்று எங்கள் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

ஆமைகள் செத்து ஒதுங்கியதாக அவர் சொன்ன அந்தக் கடற்கரையில் நானும் நின்றேன். 2021 மே 20 அன்று கொழும்புக்கு அப்பால் தீப்பிடித்த எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலில் 1,486 கொள்கலன்கள் இருந்தன. ஒரு பகுதியில் 25 தொன் நைத்திரிக் அமிலம், இன்னொரு பகுதியில் ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் குறுணி. கொரோனாப் பயணக் கட்டுப்பாடு தளர்ந்தபிறகு ஒரு சனிக்கிழமை, நீர்கொழும்புப் பக்கம் இருக்கிற சரக்குவைக் கரைக்குப் போனோம். குறுணி சவ்வரிசி மாதிரி, அதே அளவு, அதே வெள்ளை. எரிந்தது மட்டும் கருகிய வெல்லக்கட்டி போல் திரண்டிருந்தது. மணலை அரிதட்டில் அரித்து, மிஞ்சுவதை உப்புத்தண்ணீர் வாளியில் கொட்டுவோம். மணல் அடியில் போய்விடும், குறுணி மிதக்கும், தேநீர் வடியால் அள்ளுவோம். காலையிலிருந்து மத்தியானம் வரை மூன்று பேர் சேர்ந்து ஒரு வாளிகூட நிரப்பவில்லை. கை ஓய்ந்து நிமிர்ந்து பார்த்தால் கரை முழுக்க வெள்ளையாகக் கிடக்கிறது.

அப்போது ஓர் அம்மா வந்து எங்கள் பக்கத்தில் குந்தினார். மீனவக் குடும்பம், தமிழும் சிங்களமும் கலந்து கதைத்தார். “எங்கட மீன வாங்க வேணாமெண்டு டீவியில சொன்னது நீங்கதானே மகள்?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. வீட்டுக்காரர் கடலுக்குப் போக முடியாமல் இருக்கிறார், போய்ப் பிடித்து வந்தவர்களின் மீனையும் கொழும்பில் வாங்க ஆளில்லை. எச்சரித்தவர்களைக் குறை சொல்ல முடியாது, மீனில் என்ன கலந்தது என்று அந்த நேரம் யாருக்குத் தெரியும்? ஆனால் அந்த எச்சரிக்கையின் விலையை அந்த வீடுதான் கொடுத்தது. அவரிடம் சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை, இடம் விட்டு அமர்ந்தேன். அவரும் ஒரு அரிதட்டை எடுத்துக்கொண்டார்.

அந்தக் கப்பல் வழக்கில் 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் கப்பல் தரப்பை 100 கோடி டொலர் நட்டஈடு கட்டச் சொன்னது. வழக்குப் போட்டவர்களில் சுற்றாடல் அமைப்பினரும் இருந்தார்கள், மீனவர் தரப்பும் இருந்தது. “டொலர் வாங்குகிறவர்கள்” என்று யாராவது சொன்னால் எனக்கு இதுதான் நினைவுக்கு வருகிறது. அந்த டொலர் போய்ச் சேரவேண்டியது அந்த அம்மாவின் வீட்டுக்கு.

உங்களுக்கும் இப்படி நடந்திருக்கும். கேள்வி கேட்டவராக இருந்தாலும் சரி, கேட்கப்பட்டவராக இருந்தாலும் சரி, எழுதுங்கள்.

கொலன்னாவை:

அக்கா, எங்கள் பக்கத்தில் யாரும் தன்னைச் சுற்றாடல்காரர் என்று சொன்னதில்லை. மீதொட்டமுல்லைக் குப்பை மேடு எங்கள் சித்தி வீட்டுக்குப் பின்னால் இருந்தது. மழை பெய்தால் கறுப்புத் தண்ணீர் வாசலுக்கு வரும். சாப்பாட்டுக் கோப்பையில் ஈ மொய்க்கும். சின்னப் பிள்ளைகளுக்கு எந்நேரமும் இருமல். அங்கிருந்த சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர் எல்லோரும் சேர்ந்துதான் லொறியை மறித்தார்கள். அந்த நேரம் நான் நகரத்தில் ஒரு கடையில் வேலை. கூட வேலை செய்த ஒருவர், “குப்பை மேட்டைக் காட்டி இலவச வீடு வாங்கப் பார்க்குதுகள்” என்றார். நான் ஒன்றும் பேசவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

2017 ஏப்ரல் 14, புதுவருடப் பிறப்பு அன்று மேடு சரிந்தது. 32 பேர் இறந்தார்கள். சித்தி குடும்பம் ஹற்றனுக்குப் போயிருந்ததால் தப்பியது. ஆனால் அதற்குச் சில நாட்களுக்கு முன்பே குசினித் தரை வீங்கின மாதிரி மேலே எழும்பியிருந்தது. சித்தப்பா அதன்மேல் ஒரு பாயை விரித்துவிட்டுப் போயிருந்தார். திரும்பி வந்தபோது பாயும் இல்லை, குசினியும் இல்லை.

அதற்குப் பிறகு கடையில் யாரும் அப்படிக் கதைக்கவில்லை. அந்தப் புதுவருடத்துக்கு வாங்கின உடுப்பை சித்தி இன்னும் பெட்டியிலிருந்து எடுக்கவில்லை.

புத்தளத்தான்:

தங்கச்சி, மேடு சரிந்தபிறகு கொழும்புக் குப்பைக்கு எங்கே இடம் தேடினார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். எங்கள் அறுவாக்காட்டுக்கு. சீமெந்துக்குச் சுண்ணாம்புக்கல் தோண்டின குழியில், நாளுக்கு 1,200 தொன் ரயிலில் கொண்டுவந்து கொட்டுவது என்பது திட்டம். நாங்கள் ஏற்கனவே சீமெந்துத் தூளோடு வாழ்ந்தவர்கள். அப்புறம் நுரைச்சோலையில் 900 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் வந்தது, சாம்பல் வந்தது. மூன்றாவதாகக் குப்பை. 2018 கடைசியில் ஊரே மாதக்கணக்கில் தெருவில் இருந்தது. பெண்கள் பிள்ளைகளோடு வந்து உட்கார்ந்தார்கள்.

நான் புறக்கோட்டையில் துணிக்கடையில் இருக்கிறேன். முதலாளி நல்ல மனுசன், என் உம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்தவர். அவரே கேட்டார்: “எந்த அரசியல்வாதி உங்களைத் தூண்டிவிட்டான்?” எங்களுக்கென்று மூச்சுவிட ஒரு காரணம் இருக்கும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. 2019 ஏப்ரல் ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு வாய் திறக்கவே பயமாக இருந்தது. முஸ்லிம் ஊர் என்றால் எதற்கும் வேறு அர்த்தம்.

ஆனால் மற்றப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். என் மனைவியின் ஊர் மன்னார் முசலிப் பக்கம். 1990இல் வடக்கிலிருந்து முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது மாமி ஒரு துணிமூட்டையோடு புத்தளம் வந்தவர். இருபது வருடம் கழித்துத் திரும்பிப் போனால் வளவில் காடு. 2012இல் அந்தப் பகுதிக் காணிகள் வர்த்தமானியில் ஒதுக்கக் காடாக அறிவிக்கப்பட்டன. அப்புறம் கொழும்பில் பெரிய கூச்சல், பக்கத்திலிருக்கிற வில்பத்துக் காட்டை அழிக்கிறார்கள் என்று. மாமி தன் வீட்டுக் கிணற்றுக் கட்டை இன்னும் அடையாளம் காட்டுவார். காட்டைக் காப்பாற்றச் சொல்லிக் கத்தினவர்களில் எத்தனை பேர் அந்தக் கிணற்றைப் பார்த்திருக்கிறார்கள்?

எனக்குக் காடு வேண்டும். அறுவாக்காட்டுக்காகக் கத்தினவன் நான். ஆனால் “சுற்றாடல்” என்ற சொல் கேட்டாலே மாமியின் முகம் மாறுகிறது. அந்தச் சொல்லை மாமியிடம் எப்படிக் கொண்டுபோவது என்று நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

கப்பல்துறை:

சுருக்கமாக. நான் துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கும் வேலை. 2019இல் பிரித்தானியாவிலிருந்து வந்த குப்பைக் கொள்கலன்கள் செய்தியில் வந்ததே, பழைய மெத்தை என்ற பெயரில். “வழக்குப் போட்டு என்ன கிழிக்கப் போகிறார்கள்” என்று முதலில் சொன்னவன் நான்தான். சுற்றாடல் நீதிக்கான நிலையம் வழக்குப் போட்டது. 260க்கு மேற்பட்ட கொள்கலன்கள் திரும்பிப் போயின, கடைசித் தொகுதி 2022இல் போனது. குப்பை ஏற்றின கப்பல் எங்கள் துறைமுகத்திலிருந்து வெளியேறுவதை என் வாழ்க்கையில் அன்றைக்குத்தான் பார்த்தேன். என் சொல்லை வாபஸ் வாங்குகிறேன்.

பூவரசங்குழை:

எல்லோரும் ஒரு விஷயத்தைத் தொடாமல் போகிறீர்கள். பசளை.

நான் கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன். வார இறுதியில் மரம் நடுகிற ஒரு குழுவோடு போவேன். அப்பா கிளிநொச்சியில் வயல் செய்கிறார். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாகத் தடை செய்தார்கள். நாடே சேதனப் பசளைக்கு மாறும் என்றார்கள். எங்கிருந்து மாறும்? அவ்வளவு சேதனப் பசளை நாட்டில் எங்கே இருந்தது? சீனாவிலிருந்து வந்த ஒரு கப்பல் பசளையில் கிருமி இருக்கிறது என்று திருப்பிவிட்டு, கடைசியில் அதற்கும் 67 இலட்சம் டொலர் கொடுத்தார்கள். நவம்பரில் தடையை எடுத்தார்கள். அதற்குள் காலபோகம், அதுதான் மழைக்கால நெல், விதைத்தாயிற்று. அப்பாவின் பயிர் மஞ்சளடித்து நின்றது. யூரியா ஒரு மூடை கிடைக்கிறதா என்று அவர் ஊர் ஊராகத் திரிந்தார்.

தொலைபேசியில் ஒரு நாள் சொன்னார்: “உன்ர கூட்டாளிகள் கேட்டதைத்தானே தந்திருக்கிறாங்கள்.” என் கூட்டாளிகள் கேட்கவில்லை. ஆனால் அப்போது நாங்கள் எதிர்த்தும் கதைக்கவில்லை. “இயற்கை” என்ற சொல் மேடையில் ஏறிவிட்டதே என்று எங்களில் சிலர் சந்தோஷப்பட்டதும் உண்மை. அதை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எங்கள்மேல் மக்களுக்கு வந்த அவநம்பிக்கையில் பாதி அந்த ஆறு மாதத்தில் வந்தது என்பது என் எண்ணம்.

இதில் எனக்கு வலிப்பது என்னவென்றால், அப்பாவுக்குச் சேதனப் பசளை புதிதில்லை. சின்ன வயதில் நாங்கள் யாழ்ப்பாணத்தில் இருந்தோம். தோட்டத்துக்குப் பூவரசங்குழை, அதாவது பூவரச மரத்து இலைக்கொப்பு, வெட்டி மண்ணுக்குள் தாழ்ப்பார். மாட்டுப்பட்டி அடைப்பார், இரவு முழுக்க மாடு நின்ற இடத்தைக் காலையில் கொத்திப் புரட்டுவார். எரு ஆறுகிற மணம் எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது. எவ்வளவு காலத்தில் மண் திரும்பும், எந்தப் பயிருக்கு எவ்வளவு போதும் என்று அவருக்குத் தெரியும். யாராவது வந்து கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். இப்போது நான் குழை பற்றிக் கதையெடுத்தால் எழும்பிப் போய்விடுகிறார்.

தலங்கமை மாணவி:

நான் பறவை பார்க்கப் போகிறவள். தலங்கமைக் குளத்தடியில் ஓட்டோ அண்ணா ஒருவர், “வேலை இல்லாம கொக்குப் பாக்கிறீங்களா? இந்தச் சேத்தை நிரப்பினா ஒரு பேர்ச்சஸ் என்ன விலை போகும் தெரியுமா?” என்றார். ஈரநிலங்களைக் காக்கிற ராம்சார் என்ற சர்வதேச உடன்படிக்கையின் கீழ் கொழும்பு 2018இல் ஈரநில நகரமாக ஏற்கப்பட்டதைச் சொன்னேன், அவருக்கு அது ஒன்றும் தோன்றவில்லை. சரி என்று விட்டுவிட்டு, மழைத்தண்ணீர் இங்கே தேங்காவிட்டால் எங்கே போகும் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். 2016 மே வெள்ளத்தில் கொட்டிகாவத்தையில் அவருடைய முதல் ஓட்டோ தாண்டுபோனதாம். “எங்கட பக்கமும் முந்தி இப்படித்தான் இருந்தது” என்றார். கூலியில் ஐம்பது ரூபாயைத் திருப்பித் தந்தார், ஏன் என்று கேட்கவில்லை.

அதே குழி:

கேள்வி கேட்கிற பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எனக்குச் சந்தேகம் இன்னும் போகவில்லை, காரணம் சொல்கிறேன். நான் வேலை செய்த ஓர் இடத்தில் வருடா வருடம் ஜூன் 5, உலகச் சுற்றாடல் தினத்துக்கு மரநடுகை. எல்லோருக்கும் பச்சை டீ-சேர்ட், ஒரு கன்று, ஒரு படம். மூன்றாவது வருடம் மண்வெட்டியை வைத்தபோது உள்ளே பொலித்தீன் கிழிசல் வந்தது. போன வருடக் கன்றின் பை. பையைக்கூடக் கழற்றாமல் நட்டிருக்கிறோம், கன்று செத்திருக்கிறது, அதே குழியில் மறுபடி நடுகிறோம். அதே நாள் மத்தியானம் ஹோட்டலில் கருத்தரங்கு, ஒவ்வொரு கதிரைக்கு முன்னாலும் பிளாஸ்டிக் போத்தல் தண்ணீர். முழுக்க ஆங்கிலத்தில். எங்கள் இடத்தில் கூட்டித் துடைக்கிற அக்கா போத்தல்களைப் பொறுக்கிக்கொண்டு நின்றார். அவரை யாரும் உள்ளே கூப்பிடவில்லை.

மேலே எழுதின கொலன்னாவைத் தங்கச்சியையும் புத்தளத்து நானாவையும் நான் சந்தேகிக்கவில்லை. எனக்கு அவர்களைத் தெரியாமல் இருந்தது. “சுற்றாடல்காரர்” என்றால் அந்த ஹோட்டல்தான் எனக்கு ஞாபகம் வரும்.

வெள்ளவத்தைக்காரி:

அதே குழி, நீங்கள் எழுதினதற்கு நன்றி. அந்த அக்காவின் காட்சி எனக்குத் தூக்கத்திலும் வரும்போல் இருக்கிறது.

நாலாம் மாடி அங்கிளின் மிச்சக் கதையைச் சொல்கிறேன். கூட்டம் முடிந்து ஒரு கிழமை கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். வாளியைப் பற்றிக் கதைக்கவில்லை. மருமகனைப் பற்றிக் கேட்டேன். படம் காட்டினார், பத்தொன்பது வயது, கிரிக்கெட் மட்டையோடு. இரண்டு மணித்தியாலம் இருந்தேன். ஆமை விஷயத்தில் அவர் சொன்னது பிழை என்று நான் சொல்லவில்லை. எங்கள் சனத்துக்கு அழ வராதவர்கள்மேல் அவருக்கு இருக்கிற கோபம் நியாயமானது. கடற்கரையில் குந்தின அந்த அம்மாவைப் பற்றி மட்டும் சொன்னேன்.

பிறகு ஒன்பது வீடுகள் சேர்ந்து வாளி வாங்கினோம். பிடித்த காசு, வாளி விலை, ஓட்டோக்கூலி எல்லாம் ஒரு கொப்பியில் எழுதிப் படிக்கட்டடியில் தொங்கவிட்டேன், கேட்ட கேள்விக்குப் பதில் அதுதானே. அங்கிள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நின்று வரி வரியாக வாசித்தார். 150 ரூபாய் பிழை கண்டுபிடித்தார், என்னுடைய கூட்டல் பிழைதான். சிவப்புப் பேனையால் திருத்திக் கையெழுத்தும் வைத்தார்.

அவர் வீட்டில் இன்னும் வாளி வைக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு கொப்பியைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறார். இந்த ஞாயிறும் வருவார், இன்றிரவு கணக்கை எழுதி முடிக்க வேண்டும்.