இங்கிலாந்து வங்கிக் கட்டடமும் 'லேன்டர்ன்' என்னும் கூரை உறுப்பும்: 'ஒளிக்கூண்டு' என்று சொல்லலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

லண்டன் திரெட்நீடில் தெருவிலுள்ள இங்கிலாந்து வங்கியின் பழைய கட்டடத்தைத் தமிழில் விவரிக்கும்போது கூரைக்குமேல் எழுந்து நின்று உள்ளே வெளிச்சம் விடும் கண்ணாடி அமைப்பைக் குறிக்கும் 'லேன்டர்ன்' என்னும் கட்டடக்கலைச் சொல்லை எப்படி எழுதுவது என்ற கேள்விக்கு, 'விளக்குக்கூடு' என்றும் 'கூரைச்சாளரம்' என்றும் இரண்டு விடைகள் இதுவரை வந்துள்ளன. இரண்டையும் ஏற்க எனக்குத் தயக்கம் உள்ளது. 'ஒளிக்கூண்டு' என்பதை முன்வைக்கிறேன். இந்த உறுப்பு அங்கே அழகுக்காக மட்டும் வைக்கப்பட்டதன்று. அக்கட்டடத்தின் வரலாறே அதை வேண்டி நின்றது. ஆகவே அந்த வரலாற்றைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன்.

1694இல் தொடங்கிய வங்கி, வணிகக் குழுமங்களின் மன்றங்களில் வாடகைக்கு இருந்துவிட்டு, 1734இல்தான் ஜார்ஜ் சாம்ப்சன் வடிவமைத்த சொந்தக் கட்டடத்துக்கு இடம்பெயர்ந்தது. 1765 முதல் ராபர்ட் டெய்லர் அதை இருபுறமும் விரித்தார். 1780 ஜூன் மாதக் கலவரத்தில் கூட்டம் வங்கியையும் தாக்க முனைந்தது. அதன் பிறகு ஒவ்வோர் இரவும் படைவீரர் காவல் போடப்பட்டது. அந்த வழக்கம் 1973 வரை நீடித்தது. அருகிலிருந்த தேவாலயத்தின் கோபுரத்தில் கலகக்காரர் ஏறிக்கொண்டால் வங்கியைக் காக்க இயலாது என்று கருதி, அந்தத் தேவாலயத்தையே வாங்கி இடித்துவிட்டார்கள். 1788இல் கட்டடக்கலைஞர் பொறுப்பேற்று 1833 வரை 45 ஆண்டுகள் பணியாற்றிய ஜான் சோன், இந்த அச்சத்துக்குக் கல்லிலேயே விடை சொன்னார். ஏறத்தாழ மூன்றரை ஏக்கர் மனை முழுவதையும், தெருப்பக்கம் ஒரு சன்னல்கூட இல்லாத சுவரால் அவர் வளைத்துவிட்டார். தூண்களும் மாடக்குழிகளும் அதில் உண்டு, திறப்புதான் இல்லை.

இந்தச் சுவருக்கு ஆங்கில நூல்கள் தரும் பெயரை ஒட்டித் 'திரைச்சுவர்' என்று எழுதுவது பொருந்தாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இன்றைய உயர்மாடிக் கட்டடங்களின் சட்டகத்தில் தொங்கவிடப்படும் கண்ணாடிப் போர்வைக்கு அந்தச் சொல்லை நாம் ஏற்கெனவே பயன்படுத்தத் தொடங்கிவிட்டோம். சோன் எழுப்பியது மதில். கோட்டைக்கும் கோயிலுக்கும் நாம் சொல்லும் அந்தப் பழஞ்சொல் இருக்கப் புதிதாக ஒன்று வேண்டியதில்லை.

மதிலில் சன்னல் இல்லையென்றால் வெளிச்சம் உள்முற்றங்கள் வழியாக வரவேண்டும், அல்லது மேலிருந்து இறங்க வேண்டும். பங்குப் பரிமாற்றக் கூடங்களிலோ நாள்முழுதும் பேரேடுகளில் எழுதும் எழுத்தர்கள் இருந்தார்கள். பணம் பெறவும் பத்திரம் மாற்றவும் பொதுமக்கள் வந்தார்கள். டெய்லர் கட்டிய கூடத்தின் மரக்கூரை நீர் கசிந்து உளுத்துப்போயிருந்ததால், 1792இல் அதன் இடத்தில் வங்கிப் பங்குக் கூடத்தைச் சோன் புதிதாகக் கட்டினார். தீப்பற்றும் மரத்தைத் தவிர்த்து, வளைவுகளின் மேல் உள்ளீடற்ற சுடுமண் குடுவைகளை அடுக்கிக் கூரையை மூடியதால், அது எரியாததாகவும் எடை குறைந்ததாகவும் அமைந்தது. கூடத்தின் நடுவில் நான்கு வளைவுகள் ஒரு சதுரத்தை அமைக்கின்றன; மூலைகளிலிருந்து எழும் வளைந்த முக்கோணப் பரப்புகள் அந்தச் சதுரத்தை வட்டமாக மாற்றுகின்றன; அந்த வட்டத்தின் மேல், சுற்றிலும் கண்ணாடி பதித்த ஒரு சிறு அமைப்பு கூரைக்கு வெளியே எழுந்து, தனக்கென ஒரு மூடியுடன் நிற்கிறது. அதுதான் லேன்டர்ன். கண்ணாடி நிமிர்ந்து நிற்பதால் மழைநீர் அதன்மேல் தேங்குவதில்லை. கூரையில் படுக்கையாகப் பதித்த கண்ணாடியின் வழியே வெயில் நேராக இறங்குவதுபோல் இங்கே இறங்காமல், வெளிச்சம் பக்கவாட்டில் நுழைந்து வெள்ளைச் சுதைப் பரப்பில் பட்டுப் பரவிக் கீழே வருகிறது. கணக்கு எழுதுகிறவரின் கண்ணுக்கு இதைவிட இதமான வெளிச்சம் கிடைப்பது அரிது.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். 'விளக்குக்கூடு' என்பதில் விளக்கு இருக்கிறது. பொருளிலோ விளக்கே இல்லை. விளக்கு வைக்கும் இடம் என்றுதான் படிப்பவர் புரிந்துகொள்வார். 'விளக்குமாடம்' என்றாலோ நம் வீட்டுச் சுவர்களில் அகல் ஏற்றிவைக்கும் குழியே நினைவுக்கு வரும். 'கூரைச்சாளரம்' என்பது கூரைப்பரப்பிலேயே பதித்த கண்ணாடித் திறப்புக்குப் பொருந்தும். எழுந்து நிற்கும் அமைப்பை அது காட்டவில்லை. 'கலசம்' என்பதும் சரியன்று. அது முடிமேல் வைக்கும் உறுப்பேயன்றி, வெளிச்சம் புகும் வழியன்று.

'கூண்டு' என்ற சொல்லையோ நம் மக்கள் இதே வகை அமைப்புகளுக்கு முன்பே வழங்கியிருக்கிறார்கள். ஊர்நடுவே உயர்ந்து நிற்பது மணிக்கூண்டு. அடுப்படியின் கூரைக்குமேல் எழும்பிப் புகையை வெளியே விடுவது புகைக்கூண்டு. புகை வெளியேறக் கட்டியது புகைக்கூண்டு என்றால், ஒளி உள்ளே இறங்கக் கட்டியதை ஒளிக்கூண்டு என்பதில் விளக்கக் குறிப்பே தேவைப்படாது. கூண்டு என்றால் பறவையையும் சிறையையும் நினைப்பார்களே என்ற மறுப்பு எழலாம்; மணிக்கூண்டைப் பார்த்து எவரும் அப்படி நினைத்ததில்லை.

இதனோடு சேர்த்து இரண்டு சொற்களையும் வேறுபடுத்திவிடுவது நல்லது. கூரைச்சாளரம் என்று சொல்லப்பட்ட பொருளுக்கு 'ஒளியதர்' என்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. சிலப்பதிகாரத்தில் 'மான்கண் காலதர்' என்று வருகிறது. கால் என்பது காற்று, அதர் என்பது வழி. காற்றின் வழி காலதர் எனில் ஒளியின் வழி ஒளியதர். மூன்றாவது, ரோமிலுள்ள பாந்தியன் குவிமாடத்தின் உச்சியில் ஏறத்தாழ 9 மீட்டர் அகலத்தில் திறந்தே கிடக்கும் வட்டம். அதில் கண்ணாடியும் இல்லை, மூடியும் இல்லை. மழை உள்ளேயே பெய்யும். அதற்கு 'வான்கண்' என்று சொல்லலாம். திறந்திருப்பது வான்கண், கூரையோடு படிந்திருப்பது ஒளியதர், எழுந்து நிற்பது ஒளிக்கூண்டு என்ற பாகுபாடு நின்றுவிட்டால், சோனின் கூடங்களை மட்டுமல்ல, எந்தப் பழைய கட்டடத்தின் கூரையையும் குழப்பமின்றி எழுதலாம். சோன் பின்னாளில் கட்டிய கூடமொன்றில் ஒளிக்கூண்டைப் பெண்ணுருவத் தூண்கள் தாங்கின. பாவைவிளக்கை அறிந்த நாம் அவற்றைப் 'பாவைத்தூண்' என்றே எழுதலாம் என நினைக்கிறேன்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1925 முதல் 1939 வரை ஹெர்பர்ட் பேக்கர் வங்கியைப் பல அடுக்குகளாகத் திரும்பக் கட்டியபோது, சோனின் மதில் பெரும்பாலும் நின்றது. உள்ளிருந்த கூடங்கள் அனேகமாக எல்லாமே இடிக்கப்பட்டன. பேரிழப்பு அது. வங்கிப் பங்குக் கூடத்தை மட்டும் 1988இல் பழைய வடிவிலேயே மீட்டெழுப்பி அருங்காட்சியகத்தின் பகுதியாக்கினார்கள். மற்றவற்றை இன்று வரைபடங்களிலும் ஒளிப்படங்களிலும், கூரையைத் திறந்துகாட்டுவதுபோல் ஜோசப் காண்டி 1830இல் வரைந்த ஓவியத்திலுமே காண முடியும். நேரில் பார்க்க முடியாததைச் சொல்லால்தான் தமிழ் வாசகருக்குக் காட்டியாக வேண்டியிருக்கிறது.

சதுரத்தை வட்டமாக்கும் அந்த மூலை முக்கோணத்துக்கு மட்டும் என்னிடம் நிறைவான சொல் இல்லை. 'வளைமுக்கோணம்' என்பது வடிவத்தைச் சொல்கிறதே தவிர, குவிமாடத்தைத் தாங்கும் அதன் வேலையைச் சொல்லவில்லை. பள்ளிவாசல்களின் குவிமாடங்களைக் கட்டும் கொத்தனார்கள் இதை எப்படி வழங்குகிறார்கள் என்று, அவர்களோடு பழகும் நண்பர்கள் கேட்டு எழுத வேண்டுகிறேன். அவர்களிடம் ஒரு சொல் இருக்குமானால், நாம் ஆக்கும் எதையும்விட அதையே முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அன்புடன்.