சுவிஸ் போனால் அந்த ஊர் வைனைத் தேடிக் குடிக்க வேண்டுமா?

வாவிக்கரை:
ஜூலையில் லொசானில் இருக்கிற மச்சான் வீட்டுக்குப் போகிறேன். பக்கத்தில் லாவோ என்ற திராட்சைத் தோட்டப் பகுதி இருக்கிறதாம், அங்கே வைன் குடித்துப் பார்க்காமல் திரும்பக் கூடாது என்கிறார். மெனக்கெட்டுப் போகலாமா?

கல்லடியான்:
வேண்டாம் அண்ணன், காசுதான் வீண். அங்கே இரண்டு கிளாசுக்குக் கொடுக்கிற காசில் சுப்பர்மார்க்கெட்டில் இத்தாலிப் போத்தல் ஒன்றே வாங்கலாம். 2001இல் வெளிவந்த ஆய்வு ஒன்று: பிரான்சின் போர்தோவில் வைன் பற்றிப் படிக்கிற 54 மாணவர்களுக்கு, வெள்ளை வைனில் சிவப்பு நிறம் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் சிவப்பு வைனுக்குரிய வாசனைகளையே எழுதினார்கள். படித்தவர்களே ஏமாறும்போது, எந்த ஊர் வைன் என்று நமக்கு எப்படித் தெரியும்?

மாமாங்கத்தார்:
தம்பி, நிறம் மூக்கை ஏமாற்றும் என்பதுதான் அதில் தெரிகிறது. எல்லா ஊர் வைனும் ஒன்று என்று அது சொல்லவில்லை. சுவிஸ்காரர் தங்கள் வைனில் ஏறக்குறைய முழுவதையும் தாங்களே குடித்துவிடுகிறார்கள், ஏற்றுமதி மிகக் குறைவு. காலையில் இறக்கிய தென்னங்கள்ளைப் பின்னேரம் கொழும்பில் தேடுவீர்களா? இங்கேதானே குடிக்க வேண்டும்.

கல்லடியான்:
கள்ளு புளித்துவிடும், அதனால் தூரம் போகாது. வைனைப் போத்தலில் அடைப்பதே எடுத்துப் போகத்தான். இரண்டும் ஒன்றாகாது.

மாமாங்கத்தார்:
சரி, அது நியாயம். ஆனால் லாவோவைப் பாருங்கள். ஜெனீவா ஏரிக்கு மேலே செங்குத்தான சரிவு, மத்திய காலக் கிறிஸ்தவத் துறவிகள் காலத்திலிருந்து கல் மதில் கட்டிப் படிப்படியாக ஆக்கிய தோட்டங்கள். 2007இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. நேர் வெயில், ஏரியில் பட்டுத் திரும்புகிற வெயில், மதில் தேக்கி வைக்கிற சூடு என்று மூன்று சூரியன் என்பார்கள். அங்கே அதிகம் வளர்கிற சஸ்லா என்ற வெள்ளை வைன் திராட்சைக்குச் சொந்த வாசனை குறைவு. அதனாலேயே மண்ணின் வித்தியாசம் வெளியே தெரியும். லாவோவிலேயே உள்ள டெசலே என்ற தோட்டத்து வைனையும் சன் சபோரன் என்ற கிராமத்து வைனையும் பக்கத்தில் வைத்துக் குடித்தேன். முதலாவது நல்ல கனம், மற்றது லேசு. இரண்டு இடங்களும் கிட்டக் கிட்டத்தான் இருக்கின்றன!

ஒலுவில்காரன்:
நான் குடிப்பதில்லை. ஆனாலும் சன் சபோரனிலிருந்து லுத்ரி வரை தோட்டங்களுக்கு நடுவே நடந்திருக்கிறேன், அதற்காகவே போகலாம். குடிக்கிறவர்கள் காரை விட்டுவிட்டு ரயிலில் போங்கள்.

கல்லடியான்:
நடப்பது நல்லது. ஆனால் மச்சான் வீட்டு இறால் கறியோடு வைன் குடித்தால் உறைப்புத்தான் கூடும், வைனின் ருசியே தெரியாது.

மாமாங்கத்தார்:
அதனால்தான் அங்கேயே ஏரி மீன் பொரியலோடு குடிக்கச் சொல்கிறேன்.

வாவிக்கரை:
ரயிலில் போகிறேன். அந்த இரண்டு இடத்து வைனையும் சுப்பர்மார்க்கெட் வெள்ளை வைன் ஒன்றையும் எது எதென்று எனக்குக் காட்டாமல் ஊற்றும்படி மச்சானிடம் சொல்லி, குடித்துப் பார்த்து, இங்கேயே எழுதுகிறேன்.

கல்லடியான்:
அப்படியென்றால் எனக்குச் சம்மதம். விலையையும் கடைசிவரை கேட்காதீர்கள்.