உப்பில்லாத குளுக்கோஸ்

குழு: தோட்டத்து வீடு
ஞாயிற்றுக்கிழமை

தேவி சித்தி (காலை 6.52): மலர், விழித்திருக்கிறாயா? அப்புவுக்கு நள்ளிரவிலிருந்து வயிற்றுப்போக்கு. ஐந்து முறை போய்விட்டான். நேற்றுப் பந்தியில் என்னத்தைத் தின்றானோ.

அப்பத்தா: நான் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கிறேன். நின்றபாடில்லை.

மலர்: இப்போதுதான் இரவுப் பணி முடிந்தது. இரத்தம் போகிறதா, காய்ச்சல் உண்டா? கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தான்?

தேவி சித்தி: இரத்தம் இல்லை, காய்ச்சலும் இல்லை. சிறுநீர் நேற்று இரவு பத்து மணிக்குப் போனதோடு சரி. அழுதால் கண்ணீர் வருகிறது.

மலர்: கண்ணீர் வருவது நல்லது. அப்பத்தா, குளுக்கோஸில் உப்பு போட்டீர்களா?

அப்பத்தா: நாலு வயதுப் பிள்ளை உப்புக் கரித்தால் குடிப்பானா? சர்க்கரைதானே தெம்பு.

மலர்: அந்தத் தெம்பு உள்ளே போக வேண்டுமே. குடல் சுவரில் குளுக்கோஸ் நுழைகிற வாசலை நேற்றைய கல்யாண மண்டபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குளுக்கோஸ்தான் மாப்பிள்ளை, உப்பிலுள்ள சோடியம்தான் தோழன். ஒரு மாப்பிள்ளைக்கு இரண்டு தோழர்கள் சேர்ந்து வந்தால்தான் கதவு திறக்கும். அவர்கள் உள்ளே போனால் பின்னாலேயே கூட்டம் போகும். அந்தக் கூட்டம்தான் தண்ணீர். தோழன் இல்லாமல் சர்க்கரையை மட்டும் கெட்டியாகக் கரைத்தால், அது குடலிலேயே தங்கி உடம்பிலிருக்கும் தண்ணீரையும் வெளியே இழுத்துக்கொள்ளும்.

தேவி சித்தி: ஐயோ. அதனால்தான் நிற்கவில்லையா?

மலர்: கிருமி ஒரு பக்கம், இது ஒரு பக்கம். ஓஆர்எஸ், அதாவது உப்பும் குளுக்கோஸும் அளவாகக் கலந்த தூள், ஒரு லிட்டருக்கான பொட்டலமாக வாங்குங்கள். காய்ச்சி ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், அதில் ஒரு முழுப் பொட்டலம். பாதிப் பொட்டலம், அரை டம்ளர் என்று கண்ணளவில் கரைக்காதீர்கள். ஒவ்வொரு முறை போன பிறகும் அரை முதல் ஒரு டம்ளர் வரை. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள்.

கதிர்: அக்கா, போவதே தண்ணீராகத்தானே போகிறது. மேலே ஊற்றினால் அதுவும் போய்விடாதா?

மலர்: காலராவில்கூட அந்த வாசல் கெடுவதில்லை, அதுதான் ஆச்சரியம். கிருமியின் நச்சு குடலிலிருந்து நீரைக் கொட்ட வைக்கும். ஆனால் சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து நுழைகிற வழியை அது தொடுவதில்லை. 1971-இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பங்கான் அகதி முகாமில் காலரா. மருத்துவமனையில் நோயாளிகள் தரையில் கிடந்தார்கள், நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டிருந்தது. திலீப் மஹாலநபிஸ் என்ற மருத்துவர் உப்பும் குளுக்கோஸும் சமையல் சோடாவும் கலந்த கரைசலை டிரம்களில் நிரப்பிவைத்துக் குடிக்கக் கொடுத்தார். சுமார் 30 விழுக்காடாக இருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே வந்தது.

அப்பத்தா: அப்படியென்றால் நாங்கள் உப்புப் போட்டுக் கஞ்சி கொடுத்தது?

மலர்: அதுவும் இதே கணக்குதான் அப்பத்தா. கஞ்சியின் மாவுச்சத்து செரித்தால் குளுக்கோஸ், உப்பில் சோடியம். ஓஆர்எஸ் கொடுத்துக்கொண்டே கஞ்சியும் கொடுக்கலாம். பட்டினி மட்டும் போடாதீர்கள்.

சுந்தரம் மாமா (8.10): *அனுப்பப்பட்ட செய்தி* சிறுகுடலில் பல ஆண்டுகளாகப் படிந்த அழுக்கைக் கழுவும் அற்புத பானம்!!

மலர்: மாமா, குடலின் உள்பக்கச் செல்கள் மூன்று முதல் ஐந்து நாளில் உதிர்ந்து புதிதாக முளைத்துவிடும். ஆண்டுக்கணக்கில் அழுக்குப் படிய அங்கே பழைய சுவரே இல்லை.

கதிர்: அக்கா, நாளை எனக்கு விலங்கியல் தேர்வு. குடலுறிஞ்சி என்பது ஆட்டுக் குடல் கறியில் (போட்டி) டர்க்கி டவல் மாதிரி இருக்கிறதே, அதுதானே?

அப்பத்தா: சுண்ணாம்பும் வெந்நீரும் போட்டுச் சுரண்டுவேனே, அதா?

மலர்: இல்லை, அது ஆட்டின் இரைப்பை. குடலுறிஞ்சிகள் சிறுகுடலின் உள்சுவரில் விரல் போல நீட்டிக்கொண்டிருப்பவை, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, தொட்டால் வெல்வெட் போலத்தான் தெரியும். ஒவ்வொன்றின் மேலுள்ள செல்களிலும் அதைவிட நுண்ணிய நீட்சிகளான நுண்குடலுறிஞ்சிகள் உண்டு. ஒவ்வொரு குடலுறிஞ்சிக்குள்ளும் மயிரிழை போன்ற இரத்தத் தந்துகிகளின் வலை ஒன்று, நடுவே நிணநீர்க் குழல் ஒன்று. சர்க்கரையும் அமினோ அமிலமும் இரத்தம் வழியாக நேரே கல்லீரலுக்குப் போகும். நெய், எண்ணெய் அப்படியில்லை. பித்தநீரில் கரைந்து செல்லுக்குள் போய், மறுபடி கொழுப்பாகப் பொதியப்பட்டு, நிணநீர் வழியே கழுத்தடி இரத்தக்குழாய்க்குச் சுற்றிப்போகும். இந்தச் சுற்றுவழியை எழுத மறந்துவிடாதே.

கதிர்: சிறுகுடலின் உள்பரப்பை விரித்தால் டென்னிஸ் மைதானம் அளவு என்று டியூஷனில் சொன்னார்கள்.

மலர்: அது பழைய கணக்கு. ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2014-இல் அளந்தபோது சுமார் 30 சதுர மீட்டர்தான் வந்தது. பாட்மிண்டன் ஆடுகளத்தில் பாதிகூட இல்லை. தேர்வில் எண் கேட்டால் புத்தகத்தில் உள்ளதை எழுது, சண்டை போடாதே.

சுந்தரம் மாமா: உன் அத்தை இரும்புச்சத்து மாத்திரையைக் காபியோடுதான் விழுங்குகிறாள். அதையும் கொஞ்சம் சொல்.

மலர்: காபி அதை அவ்வளவாக உள்ளே விடாது அத்தை. இரும்பு உறிஞ்சப்படுவது பெரும்பாலும் சிறுகுடலின் முதல் ஒரு சாணில்தான், அங்கே விட்டால் விட்டதுதான். எலுமிச்சைச் சாற்றோடு போடுங்கள்.

தேவி சித்தி (10.35): முக்கால் லிட்டர் குடித்துவிட்டான். ஒரு முறைதான் போனான்.

மலர்: துவண்டு படுத்தாலோ, கண் குழிந்தாலோ, குடிக்க மறுத்தாலோ உடனே மருத்துவமனைக்கு வண்டி எடுங்கள். துத்தநாக மாத்திரையையும் மருத்துவரிடம் கேளுங்கள். நான் தூங்கப் போகிறேன், சிறுநீர் போனால் மட்டும் எழுதுங்கள்.

அப்பத்தா (11.20): போனான். என் மடியிலேயே.