220 நாள் வேலைக்கு இவ்வளவு புலம்பலா?

செவ்வாய்ப்பேட்டைக் கணக்கன்:
நேற்று சேலம் ஐந்து ரோட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு வாத்தியார் "வேலைப்பளு தாங்க முடியவில்லை" என்று அரை மணி நேரம் மூக்கைச் சிந்தினார். நான் மண்டியில் கணக்கெழுதுபவன். வீட்டுக்கு வந்ததும் கல்வி உரிமைச் சட்டத்தைத் தேடிப் படித்தேன். ஆண்டுக்கு 220 வேலை நாள். 365-இல் 220 போனால் 145. ஆண்டில் 145 நாள் வீட்டில் இருப்பவர் என்னிடம் வேலைப்பளு பேசுவதா?

மலைப்பள்ளி டீச்சர்:
கணக்கரே, 220 நாள் என்பது ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். ஒன்று முதல் ஐந்து வரை 200. 2009 சட்டத்தின் அட்டவணையில் அது குறைந்தபட்சம் என்றே எழுதியிருக்கிறது. அங்கேயே கொஞ்சம் கீழே, ஆசிரியருக்கு வாரம் 45 மணி நேரம் என்று இருக்கிறதே, அது மட்டும் கண்ணில் படவில்லையா?

செவ்வாய்ப்பேட்டைக் கணக்கன்:
200 தானா? அப்படியானால் விடுமுறை 165 நாள். தெரியாமல் 20 நாள் உங்கள் பக்கம் கூட்டிச் சொல்லிவிட்டேன். நன்றியாவது சொல்லுங்கள், டீச்சர்.

மலைப்பள்ளி டீச்சர்:
நன்றி ஒன்றுதான் குறைச்சல். எங்களுடையது ஏற்காட்டைத் தாண்டி உள்ளே இருக்கும் ஈராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். தலைமையாசிரியர் கூட்டத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் ஐந்து வகுப்புக்கும் நான் ஒருத்தி. கோரிமேட்டிலிருந்து தினமும் 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போகிறேன். மழைக்காலத்தில் மேகம் ஜன்னல் வழியாக வகுப்புக்குள் வந்து உட்கார்ந்துவிடும். கரும்பலகை வியர்த்துப்போய்ச் சாக்பீஸ் வழுக்கும், எழுத்து விழாது. அதனால் சாக்பீஸ் பெட்டியைச் சத்துணவுக்கூடத்தில் அடுப்போரமாக வைத்திருக்கிறோம். எமிஸ் என்ற பள்ளிக் கல்வித்துறைச் செயலியில் வருகையைப் பதிய வேண்டும் என்றால் பள்ளிக்குப் பின்னால் இருக்கும் பாறை மேல் ஏறினால்தான் சிக்னல். குடையும் கைபேசியுமாக நான் பாறையில் நிற்பதை உங்கள் 220-இல் எந்த வரியில் எழுதுவீர்கள்?

மலைப்பாதை:
ஒரு திருத்தம். 20 வளைவு என்பது அடிவாரம் வழியாக ஏறும் பாதைக்குத்தான். குப்பனூர் வழியாகவும் பாதை இருக்கிறது. "தினமும் 20 வளைவு" என்று பொதுவாகச் சொல்வது தவறு.

மலைப்பள்ளி டீச்சர்:
ஐயா, கோரிமேட்டுக்காரி எதற்குக் குப்பனூர் போய் ஏற வேண்டும்? மண் சரிந்து பாதையை மூடினால் அப்படித்தான் சுற்றிக்கொண்டு போகிறோம். அன்றைக்குக் கூடுதலாக ஆகும் நேரத்தையும் கணக்கரிடம் கொடுத்துக் கூட்டச் சொல்லுங்கள்.

சுயநிதிப் பள்ளி ஆசிரியை:
அரசுப் பள்ளிக்காரர்கள் பேசுவதைக் கேட்டால் சிரிப்புதான் வருகிறது. எங்களுக்குச் சனிக்கிழமையும் பள்ளி உண்டு. மே மாத வெயிலில் அம்மாப்பேட்டைத் தெருக்களில் சேர்க்கைக்காக வீடு வீடாக நோட்டீஸ் கொடுக்கிறோம். சம்பளத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். உங்கள் மாதச் சம்பளம் எவ்வளவு என்று ஒரே ஒரு முறை இங்கே சொல்லுங்கள், பார்க்கலாம்.

மலைப்பள்ளி டீச்சர்:
சேர்க்கைக்கு நாங்களும்தான் வீடு வீடாகப் போகிறோம், அதுவும் எஸ்டேட் மேட்டில். உங்களுக்குக் குறைவாகக் கொடுப்பவர் உங்கள் தாளாளர். அவரிடம் கேட்க வேண்டியதை என்னிடம் கேட்கிறீர்கள்.

சுயநிதிப் பள்ளி ஆசிரியை:
தொகையைச் சொல்லவில்லை. எல்லோரும் கவனித்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய்ப்பேட்டைக் கணக்கன்:
நானும் கவனித்தேன். 165-க்கும் இன்னும் பதில் வரவில்லை.

மலைப்பள்ளி டீச்சர்:
வருகிறது. சனியும் ஞாயிறுமே 104 நாள். மீதி 61. அதில்தான் பண்டிகைகள், கோடை எல்லாம். 2024 ஏப்ரல் 19, நாடாளுமன்றத் தேர்தல். முந்தைய நாளே வாக்குச்சாவடிக்குப் போய், இரவு பெஞ்சில் படுத்து, கொசுக்கடியோடு எழுந்து உங்கள் விரலில் மை வைத்தவர் யார்? கல்வி அல்லாத வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்று சொல்லும் அதே சட்டம், தேர்தல், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் மூன்றுக்கும் விலக்குக் கொடுத்திருக்கிறது.

இன்னொன்றும் கேளுங்கள். காப்பிப் பழம் பறிக்கும் பருவம் வந்தால் என் வகுப்பு பாதியாகிவிடும். அம்மா பறிப்புக்குப் போனால் பெரிய பெண்தான் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி பத்து நாள் வரவில்லை. எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகள் இருக்கும் லயத்துக்குப் போய், "தம்பியையும் தூக்கிக்கொண்டு வா" என்றேன். வந்தாள். அவன் என் மேசைக்கு அடியில் சாக்பீஸைத் தின்றுகொண்டிருப்பான், இவள் எழுத்துக்கூட்டுவாள். ஒரு நாள் சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் அம்மாவோடு நின்றிருந்தாள். நான் பின்னால் நின்றதைப் பார்க்கவில்லை. பஸ் வந்தது. பலகையைப் பார்த்து "கொ... ட்ட... ச்சே... டு" என்று இழுத்துப் படித்தாள். ஏறப் போன அம்மாவின் முந்தானையைப் பிடித்து, "இது நாகலூர் பஸ் இல்லை" என்றாள். அதுவரை யாரையாவது கேட்டுத்தான் ஏறும் அந்த அம்மா, காலைக் கீழே வைத்துவிட்டு மகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

செவ்வாய்ப்பேட்டைக் கணக்கன்:
நன்றாக இருக்கிறது. ஆனால் இது 200 நாளில் சேர்ந்ததா, 165-இல் சேர்ந்ததா?

மலைப்பள்ளி டீச்சர்:
மணி ஐந்துக்கு மேல். உங்கள் பேரேட்டில் அதற்குப் பத்தியே கிடையாது. எனக்குத் தெரியும், இது 220 பற்றிய கோபமே இல்லை. போன கோடையில் மல்கோவாவா இமாம்பசந்தா என்ற மாம்பழச் சண்டையில் என்னிடம் வாயை மூடிக்கொண்டு போனீர்களே, அந்தப் புகைச்சல்.

செவ்வாய்ப்பேட்டைக் கணக்கன்:
நான் போகவில்லை. அன்று மண்டியில் லாரி வந்து நின்றது, இறக்கப் போனேன். சேலத்துக்கு மல்கோவாதான், இப்போதும் சொல்கிறேன். அது இருக்கட்டும், இவ்வளவு நீளமாக எழுத நேரம் எப்படிக் கிடைத்தது? இன்று 165-இல் ஒன்றா?

மலைப்பள்ளி டீச்சர்:
இன்று ஞாயிறு. உங்கள் மண்டியும் பூட்டித்தானே கிடக்கிறது?

செவ்வாய்ப்பேட்டைக் கணக்கன்:
சனிக்கிழமை திறந்திருந்தது.

சுயநிதிப் பள்ளி ஆசிரியை:
எங்கள் பள்ளியும்தான். சம்பளத் தொகை இன்னும் வரவில்லை.

மலைப்பாதை:
குப்பனூர்ப் பாதையைப் பற்றி நான் சொன்னதை டீச்சர் இதுவரை முறைப்படி ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.