அம்மாவின் வளையல் சத்தம்

தங்கைக்கு அடுத்த மாதம் தலைப்பிரசவம். வளைகாப்புக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு கதை சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருத்தருக்கு ரெண்டு நாள் வலி, இன்னொருத்தருக்கு ரத்தம் நிற்கவே இல்லை. அன்றிலிருந்து அவள் ராத்திரியில் தூங்குவதில்லை. அவளுக்காக என்னுடைய ரெண்டு பிரசவத்தையும் எழுதுகிறேன். நல்லபடியாகப் பெற்றவர்கள் நீங்களும் எழுதுங்கள், அவளுக்குப் படித்துக் காட்டுகிறேன்.

முதல் பிரசவம் 2018இல், ஒரு தனியார் மருத்துவமனையில். நாள் தள்ளிப்போனதால் வலி வர மருந்து வைத்தார்கள். கையில் டிரிப்ஸ். எழுந்து நடக்கக் கூடாது, மல்லாந்தே படுத்திருக்க வேண்டும். அம்மா கதவுக்கு வெளியே. "இன்னும் விரியலை" என்று மணிக்கொரு தரம் கருப்பை வாயைப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு முறையும் மருந்தைக் கூட்டினார்கள். கத்தினால் திட்டு. பிள்ளை வரும் வழியைக் கத்தரியால் கீறியபோது ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. பிள்ளையைக் காட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போனார்கள், மூன்று மணி நேரம் கழித்துத்தான் கையில் வாங்கினேன். வீட்டுக்கு வந்தால் எல்லோரும் "சுகப்பிரசவம்தானே, அப்புறம் என்ன?" என்றார்கள். யாரிடம் என்ன சொல்வது? ரெண்டு வருடம் டெட்டால் வாசனை பட்டாலே உள்ளங்கை வியர்க்கும்.

ரெண்டாவது 2022இல், அரசு மருத்துவமனையில். நம் மாநில அரசு மருத்துவமனைகளில் பிரசவ நேரத்தில் பெண் உறவினர் ஒருவர் கூடவே இருக்கலாம் என்பதைக் கிராம சுகாதார செவிலியர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஏழாம் மாதப் பரிசோதனையின்போது, போன தடவை நடந்ததை அங்கிருந்த நர்சம்மாவிடம் அழுதுகொண்டே சொன்னேன். "இங்க எது செஞ்சாலும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வோம்மா" என்றார். அன்றைக்கே பாதி பயம் போய்விட்டது.

ராத்திரி பதினொரு மணிக்கு வலி ஆரம்பித்தது. சூட்டு வலியாக இருக்குமோ என்று அம்மா சீரகத் தண்ணீர் கொடுத்து நடக்கச் சொன்னார். நடக்க நடக்க வலி நெருங்கி வந்ததே தவிர அடங்கவில்லை. மூன்று மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனபோது கருப்பை வாய் 4 செ.மீ. விரிந்திருந்தது. "அஞ்சு வந்த பிறகுதான் வேகம் பிடிக்கும், அதுவரைக்கும் நடங்க" என்றார் டூட்டி டாக்டர். மணிக்கு ஒரு சென்டிமீட்டர் விரிந்தே ஆக வேண்டும் என்ற கணக்கை வைத்துக்கொண்டு அவசரப்படுத்தக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் வழிகாட்டியே வெளியிட்டிருக்கிறது. அதே வருடம்தான் நான் அந்தக் கட்டிலில் கிடந்தேன்.

ஒவ்வொரு வலிக்கும் அம்மா உள்ளங்கையின் அடிப்பகுதியை என் இடுப்பெலும்பில் வைத்து அழுத்தித் தேய்த்தார். தேங்காய் எண்ணெய் வாசனையும் வளையல் சத்தமும் மட்டும்தான் இப்போது நினைவிருக்கிறது. "ஊதும்மா, ஊதாங்குழல்ல அடுப்பு ஊதுற மாதிரி மெதுவா ஊது" என்பார். வளையல் இருபது தடவை குலுங்கினால் ஒரு வலி இறங்கிவிடும் என்று கண்டுபிடித்துவிட்டேன். அப்புறம் எண்ணுவதற்காகவே அடுத்த வலிக்குக் காத்திருந்தேன்.

ஒருக்களித்துப் படுத்துத்தான் பெற்றேன். தலை தெரிந்ததும் நர்சம்மா என் கையைப் பிடித்துத் தொடவைத்தார். சூடாக, ஈரமாக, மடிப்பு மடிப்பாக இருந்தது. அதற்குப் பிறகு யாரும் முக்கச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. துடைத்து அப்படியே என் நெஞ்சில் போட்டார்கள், தொப்புள் கொடி இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. துடிப்பு நின்ற பிறகுதான் வெட்டினார்கள். லேசான கிழிசல், தையல் ஒன்றே ஒன்று. அதையும் சொல்லிவிட்டு, மரத்துப்போக ஊசி போட்டுத்தான் போட்டார்கள். நான் அழுத அழுகையில் பாதி 2018இல் அந்த அறையில் தனியாகக் கிடந்தவளுக்காக.

கூட ஒரு ஆள் இருப்பது வெறும் ஆறுதல் இல்லை. பயந்தால் உடம்பில் அட்ரினலின் ஏறும், வலியை முன்னே கொண்டுபோகும் ஆக்சிடோசின் தடைபடும். 15,000க்கும் மேற்பட்ட பெண்களை வைத்துச் செய்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், தொடர்ந்து துணை இருந்தவர்களுக்கு வலி நேரமும் குறைவு, சிசேரியனும் குறைவு. எங்கள் திருச்சியில் இது மலைக்கோட்டைக் கதை. காவிரி வெள்ளத்தில் தாய் வந்து சேர முடியாமல் தவித்த பெண்ணுக்கு, சிவன் அந்தத் தாயின் உருவத்திலேயே வந்து பிரசவம் பார்த்தார், தாயுமானவர் ஆனார். வரம் கொடுத்து அனுப்பிவிடவில்லை. வந்து பக்கத்தில் இருந்தார்.

இதைப் படித்துவிட்டு வீட்டிலேயே பெற்றுக்கொள்ளலாம் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். அதே 2018இல் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்கப்போய் ஒரு பெண் ரத்தப்போக்கில் உயிரையே விட்டார்.

*சேலத்திலிருந்து*

அக்கா, எனக்கு ரெண்டுமே சிசேரியன். "சுகப்பிரசவமா?" என்று யாராவது கேட்டால் தலை குனிந்துவிடும். முதல் தடவை அவசரமாகத் தள்ளிக்கொண்டு போனார்கள், ஏன் என்று யாரும் சொல்லவில்லை. ரெண்டாவதை நார்மலாகப் பெற ஆசைப்பட்டேன். நூறில் எழுபது பேருக்கு மேல் முடியும், ஆனால் பழைய தையல் இருநூறில் ஒருவருக்கு விட்டுவிடும் ஆபத்து உண்டு என்று டாக்டர் உட்கார வைத்து விளக்கினார். கடைசி ஸ்கேனில் நஞ்சுக்கொடி கீழேயே இருந்து கருப்பை வாயை மூடியிருந்தது. வேறு வழியில்லை என்று படத்தைக் காட்டிப் புரியவைத்தார். நான் ரெண்டே ரெண்டு கேட்டேன்: என்ன செய்கிறீர்கள் என்று சொல்லிக்கொண்டே செய்யுங்கள், பிள்ளையை உடனே என்னிடம் காட்டுங்கள். திரைக்கு இந்தப் பக்கம் மயக்க மருந்து டாக்டர் கிரிக்கெட் கமென்ட்ரி மாதிரி சொல்லிக்கொண்டே வந்தார். தையல் போட்டு முடிக்கும்வரை பிள்ளையின் கன்னம் என் கன்னத்தில் ஒட்டியிருந்தது. எனக்கு அதுதான் சுகப்பிரசவம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூறில் 45 பிரசவம் சிசேரியன். தேவையில்லாமல் செய்வதைக் கட்டாயம் தட்டிக்கேட்க வேண்டும். ஆனால் வயிற்றில் தழும்போடு இருக்கும் எங்களைத் தோற்றவர்களாகப் பார்க்காதீர்கள்.

*நாகப்பட்டினத்திலிருந்து*

நான் லேபர் வார்டில் ஸ்டாஃப் நர்ஸ். நானும் கத்தியிருக்கிறேன். ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு வலி, நாங்கள் ரெண்டு பேர். அதைச் சொல்லித் தப்பிக்க வரவில்லை. ஒரு பெண் ஆறு வருடம் கழித்து வந்து, நான் அன்று சொன்ன வார்த்தையை அப்படியே திருப்பிச் சொன்னாள். எனக்கு நினைவே இல்லை. அவளுக்கு ஒரு எழுத்துகூட மறக்கவில்லை. அதற்குப் பிறகு குரலை உயர்த்தியதில்லை.

தங்கைக்கு: துணைக்கு, ரத்தம் பார்த்தால் மயங்காத ஆளைக் கூட்டிக்கொண்டு வா. உறவில் பெரியவர் என்பதற்காக யாரையும் நிறுத்தாதே. சிக்கல் எதுவும் இல்லை என்று டாக்டர் சொன்னால், வலி ஆரம்பித்ததும் ரெண்டு இட்லி சாப்பிடு, இளநீர் குடி, வெறும் வயிற்றில் கிடக்காதே. பனிக்குடத் தண்ணீர் பச்சையாகப் போனாலோ, பிள்ளை அசைவு குறைந்தாலோ, நடந்து பார்க்கலாம் என்று இருக்காமல் உடனே வா. உள்ளே வந்ததும் நர்ஸிடம் உன் பெயரைச் சொல், எதற்குப் பயப்படுகிறாய் என்பதையும் சொல். பெயர் தெரிந்துவிட்டால் எங்களுக்கும் திட்ட வாய் வராது.

*திருச்சியிலிருந்து*

எல்லாவற்றையும் படித்துக் காட்டிவிட்டேன். சேலத்து அக்காவின் பதிவை மட்டும் ரெண்டு தடவை படிக்கச் சொன்னாள். அப்புறம் அம்மாவைக் கூப்பிட்டு, ஆஸ்பத்திரிக்கு வரும்போது வளையலைக் கழற்றாமல் வரச் சொன்னாள்.